ஸ்நேப் நல்லவரா? நெவிலையும் கேட்போம்

நல்லவரைப் போற்றுகிறோம், தீயவரை வெறுக்கிறோம். அத்துடன் அவர்களைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால், இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிற்கும் கதைமாந்தர் சிலர் உண்டு. நூலை மூடி வைத்த பின்னும் அவர்கள் நம்மை விடுவதில்லை. "என்னைப் பற்றி என்ன முடிவு செய்தீர்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் நாம் வாதிடுகிறோம்.

பிரிட்டனைச் சேர்ந்த ஜே. கே. ரௌலிங் எழுதிய ஹாரி பாட்டர் கதைத்தொடர் 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்தது. ஹாக்வர்ட்ஸ் என்னும் மந்திரப் பள்ளியில் பயிலும் அநாதைச் சிறுவன் ஹாரியின் கதை அது. அதில் வரும் மாந்தர் நூற்றுக்கணக்கானோர். அவர்களுள் வாசகரை இரு அணியாகப் பிரித்து நிறுத்தியவர் ஒருவரே. மந்திர மருந்துகள் தயாரிக்கும் பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் செவரஸ் ஸ்நேப்தான் அவர். அவரைக் குறித்து நாம் எண்ணுவதை இங்கே சொல்ல விரும்புகிறோம். ஏழு நூல்களையும் இன்னும் படித்து முடிக்காத தோழியர் இக்கட்டுரையைப் பிறகு படிப்பது நலம். முடிவை மறைத்து இவ்வழக்கைப் பேச இயலாது.

கதையைப் படிக்காத பெற்றோருக்காகச் சிறிது சொல்வோம். ஸ்நேப் கறுப்பு அங்கி அணிந்தவர், கடுஞ்சொல் பேசுபவர். ஒரு காலத்தில் வால்டமோர்ட் என்னும் கொடிய மந்திரவாதியின் கூட்டத்தில் இருந்தவர். பின்னர் அக்கூட்டத்தை விட்டு வந்து, தலைமையாசிரியர் டம்பிள்டோரின் நம்பிக்கைக்கு உரியவரானார். அந்த நம்பிக்கை சரிதானா என்பதே முதல் ஐந்து நூல்களிலும் பிள்ளைகள் கேட்டு வந்த கேள்வி. ஹாரியின் பெற்றோரை வால்டமோர்ட் தேடிச் சென்று கொன்றதற்குக் காரணம் ஒரு குறி. அந்தக் குறியை ஒட்டுக் கேட்டு அவனிடம் சேர்த்தவர் ஸ்நேப்தான் என்பதும் ஆறாம் நூலில் தெரிய வருகிறது.

அந்த ஆறாம் நூல் 2005-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று வெளியாயிற்று. அதன் இறுதியில், கோபுரத்தின் உச்சியில், படைக்கலம் இழந்து தளர்ந்து நின்ற டம்பிள்டோரை ஸ்நேப் தம் கையாலேயே கொன்றுவிடுகிறார். ஏழாம் நூல் வந்ததோ 2007-ஆம் ஆண்டு ஜூலை 21 அன்று. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளும் உலகெங்கும் வாசகர் நடத்திய பட்டிமன்றம் ஒன்றே: ஸ்நேப் துரோகியா, உண்மை ஊழியரா?

இரு அணியினரும் நூலைப் புரட்டிச் சான்று காட்டினர். "ட்ரேக்கோவின் தாய்க்கு அவர் மீற முடியாத மந்திர உறுதி செய்து கொடுத்தாரே! கொல்லும் வேளையில் அவர் முகத்தில் வெறுப்பு படர்ந்ததே!" என்றது ஒரு அணி. "டம்பிள்டோர் அவரைப் பெயர் சொல்லி மன்றாடினார், ஆனால், எதற்காக மன்றாடினார்? உயிர்ப்பிச்சை கேட்கும் மனிதரா அவர்? முன்பு தமக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றச் சொல்லியல்லவா கேட்டிருப்பார்!" என்றது மறு அணி. அவர்கள் இருவருக்கும் காட்டோரத்தில் நடந்த வாக்குவாதத்தை ஹேக்ரிட் கேட்டிருந்தான். அதையும் எடுத்துக் காட்டினர். தப்பி ஓடும் ஸ்நேப்பைத் துரத்திய ஹாரியை அவர் தாக்கிக் கொல்லவில்லை. அவன் ஏவிய மந்திரங்களைத் தடுக்க மட்டுமே செய்தார். அவனை வதைத்த கூட்டாளியையும் விலக்கினார் என்றும் வாதிட்டனர். 2007-இல் இவ்வழக்கையே பொருளாகக் கொண்டு ஒரு நூல் அமெரிக்காவில் அச்சாயிற்று. ஒரு புறமிருந்து படித்தால் ஸ்நேப் குற்றமற்றவர். தலைகீழாகத் திருப்பி மறுபுறமிருந்து படித்தால் குற்றவாளி!

ஏழாம் நூல் வெளியான முதல் நாளில் மட்டும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் படிகள் விற்றன. இவ்வளவு பேர் விரைந்து சென்று வாங்கியதற்கு ஸ்நேப் வழக்கின் தீர்ப்பை அறியும் ஆவலும் ஒரு காரணம் எனலாம்.

தீர்ப்பும் கிடைத்தது. வால்டமோர்ட்டின் பாம்பு கடித்து உயிர் பிரியும் வேளையில் ஸ்நேப் தம் நினைவுகளை ஹாரியிடம் ஒப்படைக்கிறார். சிறு வயது முதலே அவர் ஹாரியின் தாய் லில்லியை நேசித்தவர். தாம் சேர்த்த செய்தியே அவளுக்கு எமனாகப் போவதை அறிந்ததும் டம்பிள்டோரிடம் ஓடி வந்து கெஞ்சுகிறார். லில்லி இறந்த பின், அவள் மகனைக் காக்க ஒப்புக்கொண்டு, பகைவன் அவையிலேயே ஒற்றராக அமர்கிறார். சாபத்துக்கு ஆளாகி, ஓராண்டுக்குள் சாக இருந்த டம்பிள்டோர், அந்தக் கொலைப்பழி பதினாறு வயது ட்ரேக்கோவின் ஆன்மாவின் மேல் விழாதிருக்கத் தம்மைக் கொல்லுமாறு ஸ்நேப்புக்கே கட்டளையிடுகிறார். உலகம் துரோகி என்று தூற்ற, ஸ்நேப் அக்கட்டளையை நிறைவேற்றினார். தம் நற்செயலை ஒருவருக்கும் வெளியிடக் கூடாது என்று டம்பிள்டோரிடம் வாக்கும் வாங்கியிருந்தார்.

உண்மை வெளியானதும் வழக்கு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை, முன்னிலும் சூடு பிடித்தது. அவர் யார் பக்கம் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. அவர் எத்தகைய மனிதர் என்ற கேள்வி அப்படியே நின்றது. எங்கள் வகுப்பிலும் மதிய உணவு வேளையில் இவ்வழக்கு எழுந்தால், மணி அடித்த பிறகும் ஓய்வதில்லை.

ஸ்நேப்புக்காக வாதாடுவோர் சொல்வதைக் கேட்போம். வறுமையும் பெற்றோர் சண்டையும் நிறைந்த வீட்டில் வளர்ந்தவர் அவர். பள்ளியில் ஹாரியின் தந்தை ஜேம்ஸும் அவன் தோழர்களும் அவரைப் பலர் முன்னிலையில் தலைகீழாகத் தொங்கவிட்டு ஏளனம் செய்தனர். நட்பாயிருந்த ஒருத்தியையும், ஆத்திரத்தில் அவளது பிறப்பை இழித்துப் பேசிய ஒரு சொல்லால் இழந்தார். அதன் பின் பல ஆண்டுகள், ஒரு சொல் தவறினாலும் உயிர் போகும் இடத்தில் நின்று பணி செய்தார். முதலில் லில்லி ஒருத்தியின் உயிரை மட்டுமே பொருட்படுத்திய அவர், பிற்காலத்தில் தம்மால் காக்க முடியாதவரைத் தவிர எவரையும் சாக விட்டதில்லை என்று சொல்லும் அளவுக்கு மாறியிருந்தார். தலைமையாசிரியராக இருந்த ஆண்டில், வாளைத் திருட முயன்ற மூன்று மாணவரைக் கொடியோர் கையில் கொடாமல், 'தண்டனை' என்ற பெயரில் ஹேக்ரிட்டுடன் காட்டுக்கு அனுப்பினார். ஹேக்ரிட்டோ அவர்களின் நண்பன்! இதைவிடத் தியாகம் வேறு உண்டா என்று கேட்கின்றனர்.

இவை யாவும் உண்மை. இவற்றில் ஒன்றையும் நாம் மறுக்கவில்லை.

ஆனால், அதே ஏழு நூல்களில் இன்னொரு பையனும் இருக்கிறான். உருண்டை முகம், மறதி, கை தொட்டதெல்லாம் தவறும். பெயர் நெவில் லாங்பாட்டம். ஸ்நேப்பின் வகுப்பு என்றாலே அவன் நடுங்குவான். மூன்றாம் நூலில் ஒரு நாள் அவன் தயாரித்த மருந்து நிறம் மாறிப் போகிறது. அதை அவன் வளர்க்கும் தேரைக்கே ஊட்டிப் பார்க்கப் போவதாக ஸ்நேப் அறிவிக்கிறார். மருந்து பிழையானால் தேரை நஞ்சேறிச் சாகும். ஹெர்மயனி காதோடு சொல்லிக் கொடுத்ததால் தேரை பிழைக்கிறது. உதவியது குற்றம் என்று சொல்லி, ஸ்நேப் அவர்களுடைய இல்லத்துக்கு ஐந்து புள்ளிகளைக் குறைக்கிறார்.

அதே நூலில் மற்றொரு நிகழ்ச்சி. எவர் எதற்கு மிகவும் அஞ்சுகிறாரோ அதன் வடிவமாகவே மாறி நிற்கும் ஒரு மாயப் பிராணியை எதிர்கொள்ள லூப்பின் என்னும் ஆசிரியர் பயிற்சி தருகிறார். நெவிலின் தாய் தந்தையரைப் பகைவர்கள் வதைத்துச் சித்தம் கலங்கச் செய்திருந்தனர். பெற்ற மகனையே அறியாதவர்களாய் அவர்கள் மருத்துவமனையில் கிடக்கின்றனர். இத்தகைய துயரம் கண்ட பதின்மூன்று வயதுப் பையன் உலகிலேயே எதற்கு மிகவும் அஞ்சினான்? பெற்றோரை வதைத்தவர்களை அவன் சொல்லவில்லை. தன் ஆசிரியரின் பெயரைச் சொன்னான்.

இந்த ஒரு செய்திக்கு எத்தனை தியாகத்தை எதிரில் வைத்தாலும் அது கரைவதாக நமக்குத் தோன்றவில்லை.

"அவர் ஒற்றர் அல்லவா? பகைவர் பிள்ளைகளும் அவ்வகுப்பில் இருந்தனரே! கடுமையாக நடிக்க வேண்டியிருந்தது" என்று சமாதானம் சொல்வோர் உண்டு. கண்டிப்பாக இருப்பதற்கு அது காரணமாகலாம். ஒரு பையனின் தேரையைக் கொல்லப் போவதாக மிரட்டுவதற்குக் காரணமாகுமா? அப்போது வால்டமோர்ட் உடலின்றி எங்கோ ஒளிந்து கிடந்தான். நான்காம் நூலில் சாபம் பட்டு ஹெர்மயனியின் முன்பற்கள் அளவுக்கு மீறி வளர்ந்தபோது, தமக்கு ஒரு வேறுபாடும் தெரியவில்லை என்று ஸ்நேப் சொல்ல, அவள் அழுதுகொண்டே ஓடினாள். அந்தச் சொல்லால் எந்தப் போர் வெல்லப்பட்டது? லூப்பின் ஓநாயாக மாறும் நோய் உள்ளவர் என்பதை ஸ்நேப் மாணவரிடையே வெளியிட, அந்த நல்லாசிரியர் வேலையை விட்டுச் செல்ல நேர்ந்ததே, அதுவும் ஒற்றர் வேலைதானா?

ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். 2001 முதல் 2011 வரை வந்த எட்டுத் திரைப்படங்களிலும் ஸ்நேப்பாக நடித்தவர் ஆலன் ரிக்மன். 2016-இல் மறைந்த அந்தப் பெரும் நடிகரின் குரலும் பார்வையும் ஸ்நேப்பின் மேல் இரக்கத்தை வளர்த்தன. ஹெர்மயனியின் பற்களைப் பழித்த நிகழ்ச்சி திரைப்படத்தில் இடம்பெறவே இல்லை. திரையில் மட்டும் கண்டவர் ஒரு ஸ்நேப்பை அறிவார். நூலைப் படித்தவர் வேறொரு ஸ்நேப்பை அறிவார். வழக்காட வருபவர் எந்த ஸ்நேப்புக்காகப் பேசுகிறார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

அப்படியானால் ஸ்நேப் தீயவரா? அதுவும் இல்லை. 2015-இல் இதைப் பற்றி ரௌலிங் அவர்களே கருத்துரைத்தபோது, அவரைப் புனிதராக்கவும் இயலாது, பேயாக்கவும் இயலாது என்னும் பொருள்படச் சொன்னார். நாம் இன்னும் ஒரு படி மேலே சென்று சொல்வோம். 'கூட்டிக் கழித்து நல்லவரா, கெட்டவரா' என்று கேட்பதே பிழையான கணக்கு. கடைக்காரர் பற்று வரவை நேர் செய்வதுபோல, ஒருவருக்குச் செய்த நன்மையைக் கொண்டு மற்றொருவருக்குச் செய்த தீமையை அடைத்துவிட முடியாது. ஹாரியின் பெயரில் உள்ள கணக்கு வேறு. நெவிலின் பெயரில் உள்ள கணக்கு வேறு. ஹாரி கணக்கில் ஸ்நேப் தம் உயிரையே கொடுத்தார். நெவில் கணக்கில் அவர் ஒரு காசும் செலுத்தவில்லை.

கதையின் முடிவில், பத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின், ஹாரி தன் மகனுக்கு 'அல்பஸ் செவரஸ்' என்று பெயரிட்டிருப்பதைக் காண்கிறோம். தான் அறிந்தவருள் மிகவும் துணிவுடையவர் அவராக இருக்கலாம் என்றும் மகனிடம் சொல்கிறான். "ஹாரியே மன்னித்துவிட்டான், பிறகு நாம் யார்?" என்று ஸ்நேப் அணியினர் வழக்கை முடிக்கப் பார்ப்பது இந்த இடத்தை வைத்துத்தான். ஹாரியின் மன்னிப்பு உயர்ந்தது. அது ஹாரி தனக்கு இழைக்கப்பட்டதற்குத் தரும் மன்னிப்பு. அதைத் தர அவனுக்கு முழு உரிமை உண்டு. நெவிலுக்கு இழைக்கப்பட்டதை மன்னிக்கும் உரிமை நெவிலுடையது. அதை ஹாரியும் எடுத்துக்கொள்ள முடியாது. வாசகராகிய நாமும் எடுத்துக்கொள்ள முடியாது. ஏழு நூல்களிலும் யாரும் நெவிலிடம் சென்று, "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டதாக நாம் படிக்கவில்லை. விவாதங்களிலும் அவனை மறந்துவிடுவதே வழக்கமாயிற்று. ஸ்நேப்பின் காதலைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும் நாம், அவர் வகுப்பில் கை நடுங்க அமர்ந்திருந்த பையனுக்கு ஒரு வரியேனும் ஒதுக்க வேண்டாமா?

"இளமையில் பட்ட துன்பம் அவரை அப்படி ஆக்கிற்று" என்னும் வாதத்துக்கும் நெவிலே விடை. ஹாரி உறவினர் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் வளர்ந்தவன். நெவில் உயிரோடிருந்தும் இல்லாத பெற்றோரின் மகன். கண்டிப்பான பாட்டியிடம் வளர்ந்தவன். ஸ்நேப்பும் நேசம் காணாத வீட்டில் வளர்ந்தவர். மூவரும் காயம் பட்டவரே. முதல் இருவரும் தம் காயத்தை எளியவர் மேல் தீர்த்துக்கொள்ளவில்லை. ஒருவர் ஏன் அப்படி நடந்தார் என்று விளங்கிக்கொள்வது நம் கடமை. விளங்கிவிட்டது என்பதனாலேயே அது சரியாகிவிடாது.

பழியை ஸ்நேப் ஒருவர் மேலேயே சுமத்துவதும் நேர்மையாகாது. ஸ்நேப் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பது டம்பிள்டோருக்குத் தெரியாததா? பெரும் போருக்கு அவர் தேவைப்பட்டார். ஆகவே சிறு பிள்ளைகளின் கண்ணீர் பொறுத்துக்கொள்ளப்பட்டது. பெரிய நன்மையின் பெயரால் சிறியோரின் துன்பத்தைக் கணக்கில் எடாமல் விடுவது கதையில் மட்டும் நடப்பதன்று.

அதே பள்ளியில் வேறு விதமான ஆசிரியர்களும் இருந்தனர். மாயப் பிராணிப் பயிற்சிக்கு முன், கடினமான எதையும் நெவிலிடம் ஒப்படைக்க வேண்டாம் என்று ஸ்நேப் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் எச்சரித்துவிட்டுப் போகிறார். லூப்பின் என்ன செய்தார் தெரியுமா? முதல் ஆளாக நெவிலையே அழைத்தார். அச்சத்தைச் சிரிப்பாக மாற்றும் வழியைச் சொல்லிக் கொடுத்தார். பாட்டியின் உடையும் தொப்பியும் அணிந்த ஸ்நேப்பைக் கண்டு வகுப்பே சிரித்தது, நெவில் வென்றான். தாவரப் பாடம் கற்பித்த ஸ்ப்ரௌட் அம்மையாரிடம் அவன் மிக உயர்ந்த தரமே பெற்றான். ஐந்தாம் நூலில் ஒரு சிறு குறிப்பு வருகிறது. மருந்துப் பாடத்தின் அரசுத் தேர்வில் ஸ்நேப் அறையில் இல்லை. அன்றுதான் நெவிலின் முகம் அப்பாடத்தில் என்றும் இல்லாத மகிழ்ச்சியோடு இருந்தது. பாடம் அதே பாடம். பையனும் அதே பையன். மாறியது ஒன்றே ஒன்று.

இறுதிப் போரில் பழைய தொப்பிக்குள்ளிருந்து வாளை உருவி, வால்டமோர்ட்டின் உயிர்க்கூறு ஒன்றைத் தாங்கிய அந்தப் பாம்பை வெட்டி வீழ்த்தியவன் நெவில்தான். ஸ்நேப்பைக் கொன்ற பாம்பும் அதுவே. தன்னைக் கண்டு நடுங்கிய பையன்தான் தன் சாவுக்குக் காரணமான உயிரை அழிப்பான் என்று ஸ்நேப் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். பின்னாளில் நெவில் ஹாக்வர்ட்ஸிலேயே தாவரப் பாட ஆசிரியரானான்.

அன்புத் தோழியரே, இப்பாத்திரத்தைக் குறித்து நாம் இனியும் வாதிடுவோம். வாதிடுவது நல்லதே. சான்று காட்டிப் பேசவும், எதிரணி சொல்வதை இடைமறிக்காமல் கேட்கவும், ஒரே மனிதரிடத்தில் வீரமும் சிறுமையும் சேர்ந்திருக்கக் காணவும் இவ்வழக்கு நம்மைப் பழக்குகிறது. ஸ்நேப்பின் துணிவைப் போற்றுவோம். அவர் பட்ட துயருக்கு இரங்குவோம். போற்றும்போதும் இரங்கும்போதும் கடைசி இருக்கையில் இருக்கும் நெவிலை ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

நமக்குள்ளும் நெவில்கள் உண்டு. வகுப்பில் பெயர் சொல்லி அழைத்தாலே முகம் வெளிறும் சிறுமியர் எந்தப் பள்ளியிலும் இருப்பர். அவர்கள் தவறாக விடை சொல்லும்போது முதலில் சிரிப்பது பல சமயம் ஆசிரியரல்லர், சக மாணவியராகிய நாமே. பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் மதிப்பெண்ணைக் கேட்கும் பெற்றோர், "எந்த வகுப்புக்குப் போக உனக்குப் பயமாயிருக்கிறது?" என்றும் ஒரு நாள் கேட்கலாம். பள்ளியை நடத்தும் அருட்சகோதரியருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் நாம் சொல்லித் தெரிய வேண்டியது இல்லை. ஒரு பள்ளி எத்தனை வீரரை உருவாக்கிற்று என்று ஊரார் கணக்கெடுப்பர். அச்சமின்றி வகுப்புக்குள் நுழையும் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கைப் பள்ளிதான் எடுக்க வேண்டும்.